புத்தளக் கரையின் மரவேலையும் பள்ளிக் கல்வியும்

கி. பி. 1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிக் கப்பலேறிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, காற்று மாறியமையால் இலங்கையின் மேல்கரையை வந்தடைந்தார். அவர் கரையிறங்கிய ஊர் அவருடைய பயண நூலிற் 'பத்தாலா' எனக் குறிக்கப்பட்டுள்ளது. அது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. ஆரியச்சக்கரவர்த்தி மன்னன் அப்போது அங்கே தங்கியிருந்தான். ஊரைப் பற்றி அவர் எழுதியன சிலவே: சிறிய அழகிய ஊர், அதனைச் சூழ மரத்தாலான மதில், மரத்தாலான கொத்தளங்கள், கரை நெடுகிலும் ஆற்று வெள்ளம் அள்ளிவந்து குவித்த கறுவா மரங்கள்.

இச்செய்தியை எடுத்தாளும் வரலாற்றாசிரியர்கள் மன்னன் வைத்திருந்த முத்துக்களையும், அவன் பாரசீக மொழி அறிந்திருந்தமையையும் விரித்துரைப்பர். மர மதிலை ஒரு சொல்லாற் கடந்து செல்வர். ஆயினும், ஓர் ஊரைச் சூழ மரத்தால் அரண் எழுப்புவது எளிய காரியமன்று. காட்டிலே மரம் தெரிந்து, காலமறிந்து வெட்டி, உலர்த்தி, சதுரித்து, பொருத்து வைத்துப் பூட்டும் தச்சர் பலர் ஒருங்கு கூடினாலன்றி அஃது இயலாது. புத்தளக் கரையைப் பற்றி எழுத்திற் பதிவான பழைய காட்சிகளுள் ஒன்று தச்சர் கைவேலை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அக்கரையின் மாணாக்கர்க்கு மரவேலை கற்பித்தல் பற்றியும், சிறப்பாகக் கணனி ஏவ இயங்கும் பொறிகளைக் கொண்டு அதனைக் கற்பித்தல் பற்றியும் இன்று எழும் வினாக்கள் இந்த நீண்ட வரலாற்றோடு சேர்த்தே ஆராயப்படுதல் வேண்டும்.

மரவேலைச் சொற்களே ஒரு வரலாற்று ஏடு எனலாம். உளி, வாய்ச்சி, சீவுளி, துறப்பணம் என்னும் கருவிப் பெயர்கள் தமிழுக்கு உரியன. அக்கருவிகளாற் செய்யப்பட்ட வீட்டுப் பொருள்களின் பெயர்களோ கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் எனப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. தச்சனைப் 'பாஸ்' என்று விளிக்கும் வழக்கு இலங்கையிலே சிங்களரிடையும் தமிழரிடையும் உண்டு. அஃது ஒல்லாந்தர் சொல். வேலைத் தலைவன் என்பது அதன் பொருள். கருவி இங்கே இருந்தது. பொருளின் வடிவம் கடல் கடந்து வந்தது. வந்த வடிவத்தைத் தச்சன் கை ஏற்றுக்கொண்டது. புதுமை கண்டு இக்கரைத் தச்சன் அஞ்சியவனல்லன் என்பதற்கு அவன் பேசும் சொற்களே சான்று.

ஆயினும் இக்கரையின் உயர்ந்த மரவேலை வீட்டுக்குள் இருந்ததன்று, கடலில் இருந்தது. சிங்களத்தில் 'ஒருவ' எனப்படும் புறமிதவைத் தோணி ஒரே மரத்தின் அடியைக் குடைந்து செய்யப்படுவது. குடைந்த மரத்தின் இருமருங்கும் பலகைகளை நிறுத்தித் தென்னங்கயிற்றால் தைப்பர். வளைந்த இரு கொம்புகளை ஒரு பக்கமாக நீட்டி, அவற்றின் நுனியில் மிதவைக் கட்டையைப் பிணைப்பர். ஆணி புகாத இவ்வமைப்பு அலை மோதும்போது சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். இறுக ஆணியடித்த படகு விரிசல் காணும் இடத்திலே இது பிழைத்துக்கொள்ளும். தோணியின் நீளம், கொம்பின் நீட்சி, மிதவையின் பருமன் ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள அளவு பிழைத்தால் தோணி சாயும், அல்லது திசை திரும்ப மறுக்கும். கரைவலை இழுக்கும் உடப்பு முதலிய ஊர்களில் வலையைச் சுமந்து அலையைக் கடக்க அகன்ற தோணி வேண்டப்பட்டது. அதற்கு அளவு வேறு.

இவ்வளவுகளைத் தச்சன் ஏட்டில் எழுதிவைத்தானில்லை. சாணும் முழமும் முடிச்சிட்ட கயிறுமே அவனுக்கு ஏடு. தமிழிலே 'கப்பல் சாத்திரம்' என்னும் சிறு நூல் ஒன்று உண்டு; சென்னை அரசினர் சுவடி நிலையத்தார் அதனை 1950இல் வெளியிட்டனர். மரத்தின் குணங்குற்றங்களும், ஏரா முதலிய உறுப்புகளின் அளவுகளும் அதிற் கூறப்படுகின்றன. எழுதிய நூல் அரிது; அறிவு அரிதன்று. வல்வெட்டித்துறைத் தச்சர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்று சேர்ந்தமை யாவரும் அறிந்த செய்தி. அதனைக் கட்டியோர் எந்தப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவரல்லர்.

படகுத் தச்சரின் உபாயங்களுள் ஒன்று ஈண்டு விதந்து கூறத்தக்கது. பின்னர் அது மீண்டும் வரும். தோணியின் பக்கவளைவு எங்கும் முறிவின்றி ஓட வேண்டும். அதற்காகத் தச்சன் மெல்லிய நீண்ட மரச் சிலாகை ஒன்றை எடுத்து, குறித்த சில புள்ளிகளிற் படும்படி வளைத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் அதன் ஓட்டத்தை நோக்குவான். சிலாகை தானாகவே, தனக்கு மிக இசைவான வளைவை எடுத்துக்கொள்ளும். மேல்நாட்டுக் கப்பற்றளங்களிலும் இதே உபாயம் வழங்கியது. அங்கே சிலாகையைப் புள்ளிகளில் நிறுத்தி வைக்க ஈயக் குண்டுகள் பயன்பட்டன. அச்சிலாகைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் 'ஸ்பிளைன்' என்பது.

பள்ளிக்கூடங்கள் எழுந்தபோது இவ்வறிவு பள்ளிக்குள் அழைக்கப்படவில்லை. மரவேலை பள்ளிக்குள் நுழைந்தபோது வேறொரு வாயிலால் நுழைந்தது. 1886ஆம் ஆண்டின் இளங் குற்றவாளிகள் கட்டளைச் சட்டம் தவறிழைத்த சிறுவரைத் தொழிற்பாடசாலையில் இட்டுத் திருத்த வழிசெய்தது. மிசனரிமாரின் அநாதை விடுதிகளிலும் தச்சுவேலை கற்பிக்கப்பட்டது. 1893இற் கொழும்பிலே தொடங்கிய அரசினர் தொழினுட்பப் பாடசாலை அரசாங்கப் பகுதிகளுக்கு வேண்டிய ஆட்களைப் பயிற்றவே எழுந்தது. ஆங்கிலப் பாடசாலையிலே கற்ற மாணாக்கனோ உளியைத் தொடாமலே வித்தியாவான் ஆகலாம். ஆக, மரவேலை என்பது குற்றம் செய்தவனுக்கும், தாய் தந்தையை இழந்தவனுக்கும், கூலி வேண்டியவனுக்கும் உரிய பாடமாயிற்று. சாதி வழக்கும் இதற்குத் துணைநின்றது. எழுத்து ஒரு குலத்தாருக்கு, கைத்தொழில் இன்னொரு குலத்தாருக்கு என்ற பழம் பிரிவினைக்குக் குடியேற்ற ஆட்சியின் பாடத்திட்டம் அரண் செய்ததேயன்றி அதனை அசைக்கவில்லை.

இதே காலத்திலே பின்லாந்து நாட்டில் நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. ஊனோ சிக்னேயசு என்பாரின் முயற்சியால் 1866இல் அந்நாட்டுப் பொதுப்பாடசாலைகளிற் கைவேலை கட்டாய பாடமாயிற்று. சுவீடனில் ஒற்றோ சலொமொன் என்பார் நேஸ் என்னுமிடத்தில் ஆசிரியர்க்கு மரவேலைப் பயிற்சி நடாத்தினார். தச்சரை உருவாக்குவது அவர்கள் நோக்கமன்று. குடியானவன் மகனும் நீதிபதி மகனும் ஒரே பலகையை ஒரே சீவுளியாற் சீவினால் மனமும் கையும் ஒருங்கே பண்படும் என்பதே அவர்கள் துணிபு.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் சிலாபத்துக்கும் வந்தார். பத்து ஆண்டுகளின் பின்னர், 1937 அக்டோபரில் வார்தாவிலே அவர் கூட்டிய மாநாடு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு வித்திட்டது. இலங்கையிலும் 1930களில் அந்தெச என்னும் இடத்திற் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியாயிற்று. இலவசக் கல்வியை நாடு 1945 அக்டோபரிற் பெற்றது அவ்வறிக்கையின் பெருங்கொடை. அவ்வறிக்கையிலேயே வேறொரு விதப்புரையும் இருந்தது: ஆரம்ப வகுப்புகளின் முடிவில் மாணாக்கரைத் தெரிந்து மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்புதல். அவற்றுள் ஒன்று செயன்முறைப் பாடசாலை. எந்தத் தந்தையும் தன் மகன் அங்கே போவதை விரும்பவில்லை. விரும்பாதது அறியாமையன்று. ஏட்டுக் கல்விக்குத் தகாதவன் என்று முத்திரையிட்ட பின்னரே உளி கையில் தரப்படும் என்றால், அவ்வுளியை மறுப்பதே மானமுள்ள செயல். மகனுக்கு எழுதுவினைஞர் வேலையைத் தேடிய கடற்கரைத் தந்தையைப் பழிப்போர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்னை மாகாணத்தின் பட்டறிவு இன்னும் கசப்பானது. 1953இல் இராசகோபாலாச்சாரியார் ஆரம்பக் கல்வியில் ஒரு மாற்றம் செய்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் இருப்பர். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பர். தந்தையின் தொழில் என்பது அந்நாட்டிலே தந்தையின் சாதி. 'குலக்கல்வித் திட்டம்' என்று மக்கள் இட்ட பெயரை அத்திட்டத்தால் உதற முடியவில்லை. 1954இற் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைத்தொழிற் கல்வியைப் பற்றித் தமிழில் எழுதும் எவரும் இந்நிகழ்ச்சியை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது. தச்சன் மகனுக்கு மட்டும் மரவேலை கற்பிப்பது கல்வியன்று, அது வேலி.

இலங்கையில் மிகத் துணிவான முயற்சி 1972இல் நிகழ்ந்தது. பதியுதீன் மகுமூது கல்வி அமைச்சராயிருந்த காலத்திலே, 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை எல்லா மாணாக்கர்க்கும் தொழில் முன்னிலைப் பாடங்கள் கட்டாயமாக்கப்பட்டன. கெட்டிக்காரன், மந்தன் என்ற வேறுபாடு இல்லை. நகரம், கிராமம் என்ற வேறுபாடும் இல்லை. அதனினும் புதுமை யாதெனில், அவ்வவ்வூரில் நிகழும் தொழிலையே ஆராய்ந்து பாடமாக அமைக்கலாம் என்ற விதியாகும். கரையோரப் பாடசாலை மீன்பிடியையோ படகு கட்டுதலையோ எடுத்துக்கொள்ள அதில் இடமிருந்தது. ஊர்த் தோணியின் அளவும் பள்ளிக் கணக்கும் ஒரே கரும்பலகையிற் சந்திக்கக்கூடிய வாய்ப்பு, எழுதப்பட்ட பாடவிதானத்தில் முதன்முறையாகத் தோன்றியது. தேசியப் பொதுக் கல்வித் தராதரப் பத்திரப் பரீட்சையும் 1975இல் நடந்தது. ஆயின் ஆசிரியர் பயிற்சி போதவில்லை, கருவிகள் போதவில்லை, ஐயமோ நிறைய இருந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் திட்டம் மடிந்தது. ஐந்தாண்டு என்பது ஒரு பலாமரம் பயன் தரவும் போதாத காலம்.

பாடசாலை இவ்வாறு தயங்கி நின்றபோது கடல் காத்திருக்கவில்லை. 1958 அளவிற் தொடங்கிய இயந்திரப் படகுத் திட்டமும், அதன்பின் வந்த பைபர் படகுகளும் மரத்தோணியைப் படிப்படியாகக் கரையேற்றின. பைபர் படகு அச்சிலிருந்து எடுக்கப்படுவது. ஒரு அச்சு, நூறு படகு. அதனை மீனவர் விரும்பியதில் வியப்பில்லை: பாரம் குறைவு, புழு அரிப்பதில்லை, பழுதுபார்ப்பது எளிது. எனினும் தச்சனிடம் இருந்த அளவுகளைக் கேட்டறிய வேண்டிய தேவை அத்தோடு ஒழிந்தது. கேட்பாரற்ற அறிவு எழுத்திலும் இல்லையாயின் அஃது ஒரு தலைமுறையில் மறையும்.

இனி, மறுபக்கத்தில் பொறி வளர்ந்த வரலாறு. துளையிட்ட அட்டையால் நெசவுப் பொறியை ஏவிய பிரான்சு நாட்டு சக்கார்ட் தறி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. அதனை யாவரும் கூறுவர். மரவேலைக்கு நெருங்கிய தொடக்கம் வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் மிசிகன் மாகாணத்தைச் சேர்ந்த யோன் பார்சன்ஸ் என்பார் எலிகொப்ரர் சுழல்சிறகுகளுக்கு வேண்டிய மர உறுப்புகளைச் செய்யும் ஒப்பந்தம் பெற்றார். சிறகின் வடிவம் அவருக்கு 17 புள்ளிகளாகவே தரப்பட்டது. இடைப்பட்ட வளைவை வளைவரை கொண்டு அவரே வரைய வேண்டும். பின்னர் அவரும் பிராங் ஸ்ரூலனும் துளையட்டைக் கணிப்புப் பொறியின் துணையால் அவ்வளைவிலே 200 புள்ளிகளைக் கணித்தனர். ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். ஒருவர் குறுக்கச்சின் சக்கரத்தைத் திருப்புவார். மற்றொருவர் நெடுக்கச்சின் சக்கரத்தைத் திருப்புவார். மூவர் செய்த இவ்வேலையைப் பொறியே செய்தால் என்ன என்ற வினாவினின்றும் எண்முறைக் கட்டுப்பாடு பிறந்தது. 1949இல் விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. 1952இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே எண்களை வாசித்து இயங்கும் வெட்டுபொறி மக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது.

புள்ளிகளுக்கு இடையே முறிவற்ற வளைவை எவ்வாறு காண்பது என்ற வினாவுக்குக் கணித அறிஞர் ஷோன்பேர்க் 1946இல் ஒரு விடை தந்தார். அவ்விடைக்கு அவர் இட்ட பெயர் 'ஸ்பிளைன்'. கப்பற் தச்சனின் மரச் சிலாகை ஈயக் குண்டுகளுக்கிடையே எடுக்கும் வளைவையே அவர் சமன்பாடாக்கினார். பின்னர்ப் பிரான்சிலே மோட்டார் வண்டி நிறுவனங்களிற் பணிபுரிந்த தெ கஸ்தெல்சோ, பெசியே என்னும் இருவர் கணனியில் வளைவு வரையும் முறைகளை வகுத்தனர். இன்று எந்த மாணாக்கன் கணனித் திரையிற் சில புள்ளிகளை இட்டு ஒரு வளைவை இழுத்தாலும், அவன் இழுப்பது படகுத் தச்சன் ஒரு கண்ணை மூடி நோக்கிய அச்சிலாகையின் வழித்தோன்றலையே. புத்தளக் கரைக்கு இப்பொறி முற்றிலும் அந்நியமானது எனக் கூறுவோர் இச்செய்தியை அறியாதவராவர்.

விமானத் தொழிற்சாலையிலிருந்து இப்பொறி பள்ளிக்கூடத்துக்கு வந்த கதையிலும் ஒரு படகு உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவிலே தெட் ஹோல் என்னும் பேராசிரியர் ஓய்வு நேரத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்ட விரும்பினார். பலகை வெட்டும் பெரும் பொறிகளின் விலை அவருக்கு எட்டவில்லை. ஆகவே தாமே மலிவான பொறி ஒன்றை ஆக்கினார். 'ஷொப்பொட்' என்னும் பெயரில் 1996இல் அது விற்பனைக்கு வந்தது; தச்சுப்பட்டறைகள் பலவற்றிலும், காலப்போக்கில் உயர்நிலைப் பாடசாலைகளிலும் இடம் பெற்றது.

சீ. என். சீ. எனத் தொழிலாளர் வழங்கும் இப்பொறியின் தொழிற்பாடு எளிதில் விளக்கத்தக்கது. மேசைமேற் பலகை அசையாது பூட்டப்படும். சுழலும் வெட்டலகு ஒன்று அதன்மேல் இடவலமாகவும், முன்பின்னாகவும், மேல்கீழாகவும் நகரும். மூன்று நகர்வுக்கும் மூன்று அச்சுகள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று ஆள்கூறுகள். 'ஜி 00' எனின் வெட்டாது விரைந்து செல். 'ஜி 01' எனின் நேர்கோட்டில் வெட்டிச் செல். 'ஜி 02' எனின் வலஞ்சுழியாக வளைந்து செல். ஆள்கூற்றுக் கேத்திரகணிதத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணாக்கனுக்கு, ஒரு கழித்தற் குறி தவறினால் அலகு பலகையை விட்டுப் பூட்டிரும்பை நோக்கிப் பாயும் என்பது புதிய செய்தி. குறியின் பொருள் அன்றுதான் அவனுக்குத் துலங்கும். அதனால் முதன்முறை அலகைப் பலகைக்கு மேலே உயர்த்தி வெறுங்காற்றில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம்.

மீனவரின் வலையூசியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நூல் சுற்றும் அச்சிறு கருவி மரத்தாலும் மூங்கிலாலும் செய்யப்பட்டது. இன்று பிளாத்திக்கில் வருகின்றது. ஒரு முனை கூர், மறுமுனையிற் பிளவு, நடுவே நூல் மாட்டும் நாக்கு. 3 மில்லிமீற்றர் அலகால் அதனை வெட்டப் புகும் மாணாக்கன், ஊசியின் விளிம்புக் கோட்டின் மேலேயே அலகைச் செலுத்தினால் ஊசி சுற்றிலும் 1.5 மில்லிமீற்றர் தேய்ந்து போகும். ஆகவே அலகின் பாதை விளிம்புக்கு வெளியே அந்த அளவு விலகிச் செல்ல வேண்டும். நாக்கைச் சுற்றிய இடைவெளி 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அலகு நுழையவே மாட்டாது. வட்ட அலகு ஒருநாளும் சதுரமான உள்மூலையை வெட்டாது. அது வளைவாகவே நிற்கும். பொருத்துக்குத் துளை வெட்டினால், அம்மூலையைச் சதுரமாக்க உளி வேண்டும். பொறி வந்தால் உளி போய்விடும் என்ற எண்ணம் பட்டறைக்கு வெளியே இருப்பவரின் எண்ணம்.

மரம் அறிந்திருத்தலும் அவ்வாறே. புத்தளம் மாவட்டத்தின் தென்பாகம் இலங்கையின் தென்னை முக்கோணத்தைச் சேர்ந்தது. தென்னை ஆராய்ச்சி நிறுவகமும் அம்மாவட்டத்து லுணுவிலையிலேயே உள்ளது. முதிர்ந்து தறிக்கப்படும் தென்னைகளின் மரம் அங்கே குறைவின்றிக் கிடைக்கும். தென்னைக்கு மற்றை மரங்களுக்குள்ள ஆண்டு வளையங்கள் இல்லை; நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில் நெருங்கியும் உட்புறத்தில் நெகிழ்ந்தும் நிற்கும். ஒரே மரத்தின் வெளிப்பகுதி கன மீற்றருக்கு 600 கிலோகிராமுக்கு மேல் அடர்ந்திருக்க, உட்பகுதி 400 கிலோகிராமுக்குக் குறைந்திருக்கும். இதனை அறியாது இரண்டையும் ஒரே வேகத்தில் வெட்டினால் ஓரிடத்தில் அலகு மழுங்கிக் கருகும். மற்றோரிடத்திலே நார் பிய்ந்து எழும். எந்தக் கணனியும் இதனை மாணாக்கனுக்குச் சொல்லாது. பலகையின் முனையைப் பார்த்தே இது வைரம், இது சோறு என்று சொல்லும் ஊர்த் தச்சன் சொல்வான்.

இந்தியாவிலே மகாராட்டிர மாநிலத்துப் பாபல் என்னும் சிற்றூரில் இவ்விணைப்பு நடைமுறையில் உள்ளது. விஞ்ஞானி எஸ். எஸ். கல்பாக் 1983இல் அங்கே விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள் மரவேலை, உலோகவேலை, மின்வேலை, வேளாண்மை ஆகியவற்றைச் செய்தே கணக்கும் விஞ்ஞானமும் கற்றனர். அயற்பாடசாலைகளிலும் அம்முறை பரவியது. 2002இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் நீல் கேர்சன்பெல்டு உலகெங்கும் அமைக்கத் தொடங்கிய 'பப் லாப்' என்னும் கணனிப் பட்டறைகளுள் முதலாவன பாபலுக்கும் வந்தன. இருபது ஆண்டு கையால் வேலை செய்து பழகிய இடத்துக்குப் பொறி வந்தமையால், அது அங்கே காட்சிப்பொருளாகாது கருவியாயிற்று. வரிசை தலைகீழாக இருந்திருப்பின் விளைவும் வேறாக இருந்திருக்கும்.

இலங்கையிலே 2013இற் கல்விப் பொதுத் தராதர உயர்தரத்திற் தொழினுட்பவியல் என்னும் புதிய பாடத்துறை தொடங்கப்பட்டது. 2015இல் முதற் பரீட்சை நடந்தது. பொறியியற் தொழினுட்பவியல் அதன் முதன்மைப் பாடங்களுள் ஒன்று. 2017இற் பதின்மூன்று ஆண்டு உறுதிப்படுத்திய கல்வித் திட்டம் தொழிற்பாடங்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. மொறட்டுவையின் தளபாடத் தொழிலகங்களில் இதற்குள் கதவுப் பலகையின் பூவேலையைப் பொறியே வெட்டத் தொடங்கிவிட்டது. ஆகவே 1943இன் குறை 2013இல் நீங்கிற்று என்று கூறத் தோன்றும். நீங்கியது பாதியே. தொழினுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு வழிதிறக்கும் துறையாயிற்று. அது பெரிய முன்னேற்றம். ஆயின் கணிதத்துக்கும் உயிரியலுக்கும் போக இயலாதவர் செல்லும் துறை என்ற பேச்சு ஊர்களிலே இன்னும் அடங்கவில்லை; பழைய செயன்முறைப் பாடசாலையின் நிழல் அது.

புத்தளக் கரையிலே இதனோடு வேறு சிலவும் சேர்ந்தன. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சமடைந்தனர். வந்த பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது இருக்க ஓர் இடமும் ஓர் ஆசிரியரும். பட்டறையைப் பற்றி அன்று எவரும் நினைத்திருக்க முடியாது. கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரையில் மூன்று கட்டமாக இயங்கத் தொடங்கிய அனல் மின்னிலையம் 900 மெகாவாற்று ஆற்றலுடையது. இலங்கையின் மின்னிலையங்களுட் பெரியது அதுவே. 2022 மார்ச்சு இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தபோது அதன் அயலிலுள்ள பாடசாலைகளும் இருளிலேயே இருந்தன. மின்னில்லா வேளையிற் கணனிப் பொறி ஒரு பெரிய மேசையன்றி வேறில்லை. எனவே பொறி வாங்கும் பணத்தைப் பற்றி மட்டும் பேசி, அலகு, பழுதுபார்ப்பு, மரத்தூளை உறிஞ்சும் ஏற்பாடு, தமிழில் விளக்கவல்ல ஆசிரியர் என்பவற்றைப் பேசாது விடுதல் 1972இன் பிழையை மீளச் செய்வதாகும்.

பொறி வரும்வரை காத்திராது இன்றே தொடங்கக்கூடிய ஒரு பாடமும் உண்டு. இக்கரையில் எஞ்சியுள்ள மரத்தோணிகள் பல நீர்காணாது மணலில் வெடித்துக் கிடக்கின்றன. அவற்றின் வடிவத்தை எடுப்பதற்கு மின்சாரம் வேண்டா. தோணியின் அணியத்திலிருந்து கடையார் வரை நடுவே ஒரு நூலைக் கட்டி, அதிலே ஒரு முழத்துக்கு ஒரு குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் தூக்குக்குண்டு விட்டு, நூலிலிருந்து இருபக்கத்துக்கும் உள்ள தூரத்தையும் அடிவரையுள்ள ஆழத்தையும் அளந்து, அட்டவணையில் எழுதினாற் போதும். 9ஆம் வகுப்பு மாணாக்கர் நால்வர் ஒரு காலைப்பொழுதில் ஒரு தோணியை அளந்து முடிக்கலாம். இரண்டு முழத்துக்கு ஒருமுறை எந்த அளவை ஏன் அவ்வாறு வைத்தான் என்று சொல்லத்தக்க முதிய தச்சர் சிலர் இன்னும் அவ்வூர்களில் இருக்கின்றனர். அவர் சொல்வதை அட்டவணையின் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். அந்த அட்டவணை ஆள்கூறுகளின் அட்டவணையே. பின்னொரு நாள் பொறி வரும்போது, அதனைக் கணனியில் இட்டு, இருபதில் ஒரு பங்கு அளவிலே மாமரத்தில் வெட்டியெடுத்து, தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மிதவைக் கட்டையை நீட்டியும் குறுக்கியும் அது எப்போது சாய்கின்றது என்று மாணாக்கர் பார்க்கலாம்.